நூலக வரியும் பூட்டிய பீரோவும்

(மாவட்ட மைய நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



‘மாநில அளவில் பொது நூலகமும் பள்ளி நூலகமும்: திட்டம், நிதி, தொழில்நுட்பம்’ என்று அழைப்பிதழில் தலைப்புப் போட்டிருக்கிறார்கள். படித்தவுடன் கொட்டாவி வரக்கூடிய தலைப்புதான். ஆனால் இது உங்கள் சொந்தப் பணத்தைப் பற்றிய பேச்சு. வீட்டுக்குப் போனதும் கடைசியாகக் கட்டிய வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். சொத்து வரியோடு நூலக வரியும் சேர்ந்திருக்கும். சொத்து வரி ஆயிரம் ரூபாய் என்றால் நூலக வரி நூறு ரூபாய். ரூபாய்க்குப் பத்துக் காசு. மாநகராட்சியானாலும் ஊராட்சியானாலும் இதுதான் கணக்கு. வாடகை வீட்டில் இருப்பவரும் தப்பவில்லை. வீட்டுக்காரர் அதையும் சேர்த்துத்தான் வாடகை சொல்லியிருப்பார். நூலகத்துக்குள் ஒரு நாளும் கால் வைக்காதவரும், எழுதப் படிக்கத் தெரியாத மூதாட்டியும்கூட இந்த ஊர் நூலகத்துக்குப் படியளந்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் காலிக் குடத்தோடு சாலையில் உட்கார்ந்துவிடுகிறோம். நூலகத்துக்குப் புதுப் புத்தகம் வந்து இரண்டு வருடமாகிவிட்டது என்று யாராவது மறியல் செய்ததாகக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? ஆற்றில் போட்டாலும் அளந்து போடச் சொன்ன ஊர் இது. இந்த ஒரு வரியை மட்டும் அளக்காமலே போட்டுக்கொண்டிருக்கிறோம்.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். தமிழ்நாட்டில் நூலகத்துக்குச் சட்டம் இருக்கிறது, வரி இருக்கிறது, தனித் துறை இருக்கிறது, படிக்க ஆளும் இருக்கிறது. இவை எல்லாவற்றையும் ஒரே கணக்கில் கோத்து, ஆண்டுதோறும் மக்கள் முன்னால் வைக்கும் திட்டம்தான் இல்லை. பொது நூலகம் ஒரு இயக்ககத்தில் இருக்கிறது, பள்ளி நூலகம் இன்னொன்றில் இருக்கிறது, ஊராட்சி நூலகக் கட்டடம் மூன்றாவது துறையில் இருக்கிறது. பிள்ளை மட்டும் ஒரே பிள்ளை. அவள் காலையில் பள்ளிக்குப் போகிறாள், மாலையில் கிளை நூலகத்தைத் தாண்டி வீட்டுக்கு வருகிறாள். அவளுக்கு ஒரு புத்தகம் போய்ச் சேர இந்த மூன்று துறைகளும் சேர்ந்து செய்வது என்ன? அதைத்தான் இன்று பார்க்கப்போகிறோம்.

ஆறு தம்படியில் தொடங்கியது

இந்த வரி வானத்திலிருந்து விழவில்லை. சீர்காழியில் 1892-இல் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன், சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவர், 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனார். பயிற்சிக்காக லண்டன் போன இடத்தில், உள்ளாட்சி வரியில் நடக்கும் ஊர் நூலகங்களைச் சுற்றிப் பார்த்தார். திரும்பி வந்தவர் நூல்களை வகைப்படுத்துவதோடு நிற்கவில்லை. 1928-இல் சென்னை நூலகச் சங்கம் தொடங்கியதில் முன்னின்றார். 1931-இல் மன்னார்குடிப் பக்கம் ஆர்வலர்கள் மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றிக் கிராமம் கிராமமாக அனுப்பியபோது அதைத் தொடங்கிவைத்தவரும் அவர்தான்.

தனிமனிதர்களின் ஆர்வத்தால் எவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்கு அந்த வண்டி சான்று. ஆனால் ஆர்வலருக்கு வயதாகும், கொடையாளியின் கை சுருங்கும், அன்றைக்கு வண்டி நின்றுவிடும். நூலகம் நிலைக்க வேண்டுமானால் சட்டம் வேண்டும், சட்டத்துக்குள் வரி வேண்டும் என்பதில் ரங்கநாதன் விடாப்பிடியாக இருந்தார். 1930-இலேயே மாதிரி நூலக மசோதா ஒன்றை எழுதிக் காசியில் நடந்த கல்வி மாநாட்டில் வைத்தார். அது இங்கே சட்டமாக 18 ஆண்டு ஆயிற்று. ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் முதல்வராக இருந்தபோது, கல்வி அமைச்சர் அவினாசிலிங்கம் செட்டியார் முயற்சியில், 1948-இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. விடுதலை பெற்ற இந்தியாவில் நூலகத்துக்கென்று வந்த முதல் சட்டம் அதுதான். 1950-இல் நடைமுறைக்கு வந்தது. 1896-இல் திறந்த கன்னிமாரா நூலகம் அப்போது மாநில மைய நூலகம் ஆனது.

அன்றைய வரி, சொத்து வரி ரூபாய்க்கு ஆறு தம்படி. 192 தம்படி ஒரு ரூபாய் என்பது இங்கே முன்வரிசையில் இருக்கும் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். இன்றைய கணக்கில் மூன்று காசு. அது பிறகு ஐந்து காசாகி, இப்போது பத்துக் காசில் நிற்கிறது. மாவட்டந்தோறும் ஒரு நூலக ஆணைக்குழு, அதற்கு ஒரு நூலக நிதி, வரிப் பணம் அந்த நிதிக்கு என்று சட்டம் வழி வகுத்தது. மாநிலக் கருவூலத்தில் கலந்து கரைந்துபோகாமல் நூலகத்துக்கென்றே ஒதுங்கி நிற்கும் பணம் இது. இந்த அருமை பல மாநிலங்களுக்கு இன்றும் வாய்க்கவில்லை.

தொடக்க காலத்தில் பள்ளிக் கல்வியைப் பார்த்தவரே நூலகத்தையும் பார்த்தார். நெ.து. சுந்தரவடிவேலு பொதுக் கல்வி இயக்குநராகவும் இருந்தார், பொது நூலகங்களுக்கும் இயக்குநராக இருந்தார். 1972-இல் நூலகத்துக்குத் தனி இயக்ககம் வந்தது. அதனால் நூலகம் வளர்ந்தது, மறுக்கவில்லை. மாவட்ட மைய நூலகம், கிளை நூலகம், ஊர்ப்புற நூலகம், பகுதிநேர நூலகம் எல்லாம் சேர்த்து இன்று சுமார் 4,600 நூலகங்கள் இந்தத் துறையின்கீழ் இருக்கின்றன. ஆனால் பள்ளிக்கும் நூலகத்துக்கும் இடையே அன்று ஒரே மேசையில் முடிந்த காரியம், இன்று இரண்டு அலுவலகங்களுக்கு இடையில் கடிதப் போக்குவரத்தாகிவிட்டது.

பணம் எங்கே சேருகிறது, எங்கே சேரவில்லை

இனி நிதிக்கு வருவோம். சொத்து வரியோடு நூலக வரியைப் பிணைத்ததில் ஒரு வசதி உண்டு. தனியாக வசூலிக்க ஆள் வேண்டாம். 2022-இல் நகர்ப்புறங்களில் சொத்து வரியை 25 முதல் 150 விழுக்காடு வரை உயர்த்தினார்களே, அப்போது யாரும் கேட்காமலே நூலக வரியும் கூடியது. ஆனால் அதே வசதிக்குள் ஒரு வம்பும் இருக்கிறது. மாடி வீடும் வணிக வளாகமும் நிறைந்த மாவட்டத்தின் நூலக நிதி தானாக நிரம்பும். ஓலை வீடும் ஓட்டு வீடுமாக இருக்கும் மாவட்டத்தில் நிதி தரையோடு கிடக்கும். நூலகம் யாருக்கு அதிகம் தேவையோ அவர்களுக்குக் குறைவாகக் கிடைக்கும்.

சட்டம் எழுதியவர்கள் இதைக் கவனிக்காமல் இல்லை. சென்னை நகரம் நீங்கலாக மற்ற ஆணைக்குழுக்களுக்கு, வசூலான வரிக்குக் குறையாத தொகையை அரசும் ஆண்டுதோறும் தரவேண்டும் என்று எழுதிவைத்தார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் அதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஐந்து லட்சம் வீடுகள் உள்ள இரண்டு மாவட்டங்களை எடுத்துக்கொள்வோம். முதல் மாவட்டத்தில் வீட்டுக்குச் சராசரி வரி 500 ரூபாய். நூலக வரி இரண்டரைக் கோடி கிடைக்கும். இரண்டாவது மாவட்டத்தில் சராசரி 150 ரூபாய். அங்கே 75 லட்சம்தான். வித்தியாசம் ஒன்றே முக்கால் கோடி. இப்போது அரசு வரிக்கு வரி சமமாகத் தருகிறது. முதல் மாவட்டத்துக்கு ஐந்து கோடி, இரண்டாவதற்கு ஒன்றரைக் கோடி. வித்தியாசம் மூன்றரைக் கோடி! இல்லாதவனுக்கு உதவ வந்த பணம் இடைவெளியை இரண்டு மடங்காக்கிவிட்டது.

மாநில அளவில் திட்டம் வேண்டும் என்று நான் சொல்வதன் முதல் காரணம் இதுதான். அரசு தரும் பங்கை வசூலான வரியைப் பார்த்துத் தராமல், மாவட்டத்தில் எத்தனை பிள்ளைகள் படிக்கிறார்கள், நூலகம் இல்லாத குடியிருப்புகள் எத்தனை, பக்கத்து நூலகம் எவ்வளவு தொலைவு என்று பார்த்துத் தர வேண்டும். வசூலில் பின்தங்கிய மாவட்டத்துக்கு ஒரு பங்கு கூடுதலாகப் போக வேண்டும்.

இரண்டாவது சிக்கல், வசூலானது போய்ச் சேராதது. உள்ளாட்சி அமைப்பு நம்மிடம் வரியை வாங்கிவிடும். அதை நூலக ஆணைக்குழுவுக்குச் செலுத்த வேண்டும். செலுத்தாமல் நிலுவை வைப்பது பழைய கதை. குப்பை லாரிக்கு டீசல் போட வேண்டும், தெருவிளக்குக்கு மின்கட்டணம் கட்ட வேண்டும், நூலகம் எங்கே ஓடிவிடப் போகிறது என்று நினைப்பார்கள். கேட்க வேண்டிய ஆணைக்குழுவிலோ, தலைவரும் உறுப்பினரும் நியமிக்கப்படாமல் தனி அலுவலர் பொறுப்பில் ஓடிய காலங்கள் உண்டு. ஒரு அரசு அலுவலர் இன்னொரு அரசு அலுவலருக்கு நினைவூட்டுக் கடிதம் எழுதலாம், அதற்கு மேல் என்ன செய்வார்? இன்றைக்கு ஆன்லைனில் சொத்து வரி கட்டும்போது பணம் உள்ளாட்சியின் கணக்குக்குப் போகிறது. நூலக வரியை அந்த இடத்திலேயே பிரித்து ஆணைக்குழுவின் கணக்குக்கு அன்றன்றே அனுப்புவது கணினிக்குப் பெரிய வேலையல்ல. நூலகத்துக்கு முதலில் வரவேண்டிய தொழில்நுட்பம் இதுதான் என்பேன்.

மூன்றாவது, செலவழிக்கும் விதம். 2006-இல் அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டம் வந்தது. மாநிலத்தில் அன்றிருந்த 12,618 ஊராட்சிகளிலும் ஐந்தாண்டில் தலா ஒரு நூலகம் என்றார்கள். பெரிய கனவுதான் அது. கட்டடம் எழும்பியது, அலமாரி வந்தது, புத்தகமும் வந்தது. கட்டியது ஊரக வளர்ச்சித் துறை. நூலகத் துறைக்கு அதில் நேரடிப் பொறுப்பில்லை. முழுநேர நூலகர் இல்லை. அடுத்த ஆண்டுப் புத்தகத்துக்கும் நாளிதழுக்கும் மின்கட்டணத்துக்கும் நிலையான வழி இல்லை. யானை வாங்கியாயிற்று, தீனிக்கு யாரும் கணக்குப் போடவில்லை. பல ஊர்களில் அந்தக் கட்டடங்களை இன்று எப்படிப் பார்க்கிறோம் என்பது உங்களுக்கே தெரியும். ரேஷன் சாக்கு அடுக்கிய இடம் உண்டு, தேர்தல் நேரத்தில் மட்டும் திறந்த இடம் உண்டு. நன்றாக நடக்கும் இடங்களும் உண்டு. போய்ப் பார்த்தால் அங்கே தன் கைக்காசைப் போட்டு நடத்தும் ஒரு மனிதர் இருப்பார்.

பக்கத்து மாநிலம் இதே சிக்கலை வேறு விதமாகக் கையாண்டது. கர்நாடகத்தில் கிராம ஊராட்சி நூலகங்கள் நூலகத் துறையிடம் இருந்தன. 2019-இல் அவற்றை ஊரக வளர்ச்சித் துறைக்கே மாற்றினார்கள். கட்டடமும் ஆளும் பராமரிப்பும் ஒரே கையில் வந்தன. கேரளத்தின் வழி வேறு. 1945-இல் பி.என். பணிக்கர் தொடங்கிய நூலக இயக்கத்திலிருந்து வளர்ந்த சங்கங்கள்தான் அங்கே நூலகத்தை நடத்துகின்றன. 1989-இன் சட்டப்படி நூலக கவுன்சில் தேர்தல் வைத்து அமைகிறது. நூலகங்களைத் தரம் பிரித்து நிதி தருகிறது. எந்த வழி சிறந்தது என்று நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. இரண்டிலும் ‘இந்த நூலகம் பூட்டிக்கிடந்தால் பதில் சொல்ல வேண்டியவர் யார்?’ என்ற கேள்விக்கு ஒரு பெயர் இருக்கிறது. நம் ஊராட்சி நூலகத்தில் அந்தப் பெயர் இல்லை.

பீரோவுக்குள் இருக்கும் நூலகம்

பள்ளிக்குப் போவோம். 2009-இன் கல்வி உரிமைச் சட்டம், ஒவ்வொரு பள்ளியிலும் நூலகம் இருக்க வேண்டும், அதில் நாளிதழ், இதழ், கதைப் புத்தகம் உட்பட எல்லாம் இருக்க வேண்டும் என்கிறது. ஒன்றிய அரசின் சமக்ர சிக்ஷா திட்டத்தில் தொடக்கப் பள்ளிக்கு 5,000 ரூபாயிலிருந்து மேல்நிலைப் பள்ளிக்கு 20,000 ரூபாய் வரை ஆண்டு நூலக மானியம் உண்டு. ஆக, புத்தகமே இல்லாத அரசுப் பள்ளியைக் காண்பது அரிது. புத்தகம் எங்கே இருக்கிறது என்பதுதான் கேள்வி.

தலைமையாசிரியர் அறையில் சாம்பல் நிற இரும்பு பீரோ ஒன்று இருக்கும். மேலே உலக உருண்டை, அதன்மேல் தூசி. கதவைத் திறந்தால் முதல் தட்டில் வருகைப் பதிவேடுகள், இரண்டாம் தட்டில் சத்துணவுக் கணக்கு, அதற்குக் கீழே கதைப் புத்தகங்கள். எடுத்துப் பார்த்தால் பள்ளி முத்திரை பளிச்சென்று இருக்கும். சிவப்பு மையில் வரிசை எண் இருக்கும். பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டியபடியே இருக்கும், பிரிக்க ஆளில்லாமல். அதில் ஒரு மூலையும் மடிந்திருக்காது. பிள்ளைகள் படிக்க வேண்டிய புத்தகத்துக்கு இதைவிடப் பெரிய துக்கம் வேறில்லை.

ஆசிரியர்கள்மேல் பழி போடுவது சுலபம். நான் போட மாட்டேன். அவர்களின் இக்கட்டைக் கேளுங்கள். பெரும்பாலான அரசுப் பள்ளிகளில் நூலகர் என்ற பணியிடமே கிடையாது. கணக்கு வாத்தியாரோ தமிழாசிரியையோ கூடுதலாகப் பார்த்துக்கொள்கிறார். இருப்புப் பதிவேடு அவர் பெயரில் இருக்கிறது. மாறுதல் வந்தால் ஒவ்வொரு புத்தகத்தையும் எண்ணி ஒப்படைக்க வேண்டும். எட்டுப் புத்தகம் குறைந்தால் தணிக்கையில் குறிப்பு எழுதுவார்கள், பிறகு அவர் சம்பளத்திலிருந்து பிடித்தம் என்று பயம். பிள்ளை கையில் கொடுத்தால் கிழியும், தொலையும். பீரோவில் இருந்தால் எண்ணிக்கை குறையாது. அரசு ஊழியர் எவராயினும் எந்தப் பக்கம் சாய்வார்?

இதற்கு மருந்து கோடிக்கணக்கான பணம் இல்லை, ஒரு ஆணை போதும். ஒன்றிய அரசின் பொது நிதி விதிகளைப் பாருங்கள். ஆண்டில் இரவல் தந்த, பயன்படுத்திய ஆயிரம் நூல்களுக்கு ஐந்து நூல் வரை தொலைவது இயல்பு, அதில் நேர்மைக் குறைவோ அலட்சியமோ இல்லையென்றால் குற்றமில்லை என்று அதில் எழுதியிருக்கிறது. பெரியவர்கள் வந்துபோகும் அலுவலக நூலகத்துக்கே ஆயிரத்துக்கு ஐந்து என்றால், ஏழு வயதுப் பிள்ளைகள் புழங்கும் பள்ளிக்கு ஐம்பது என்று வைத்தாலும் தகும். கிழிந்த புத்தகம் படிக்கப்பட்ட புத்தகம். அதை நட்டக் கணக்கில் எழுதாமல் பயன்பாட்டுக் கணக்கில் எழுதும் ஆணை ஒன்று வந்தால், அடுத்த வாரமே ஆயிரக்கணக்கான பீரோக்கள் திறக்கும்.

நல்ல மாற்றங்களும் நடக்கின்றன. 2023-இல் வந்த வாசிப்பு இயக்கத்தில் ‘நுழை, நட, ஓடு, பற’ என்று படிநிலை வகுத்து, சில பக்கங்களே உள்ள சிறு புத்தகங்களைப் பள்ளிகளுக்கு அனுப்பினார்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளைக்கு ஒரு முழுப் புத்தகத்தை முடித்தேன் என்ற பெருமிதம் ஒரே நாளில் கிடைக்கிறது. ஆனால் இங்கும் பழைய கேள்விதான். ‘பற’ நிலையை முடித்த பிள்ளை அடுத்து எங்கே போவாள்? இயல்பாகக் கிளை நூலகத்துக்குப் போக வேண்டும். அங்கே அவளுடைய வயதுக்கு என்ன இருக்கிறது என்று பள்ளிக்குத் தெரியாது. பள்ளியில் அவள் எதுவரை வந்திருக்கிறாள் என்று நூலகருக்குத் தெரியாது. மே மாதம் வந்தால் பள்ளிக்குப் பூட்டு. பிள்ளைக்குப் படிக்க நேரம் கிடைக்கும் ஒரே மாதத்தில் பள்ளிப் புத்தகம் முழுவதும் சிறையில்.

செய்யக்கூடியது என்ன? பள்ளி மாணவர் எல்லோரும் பக்கத்துக் கிளை நூலகத்தின் உறுப்பினர் என்று சேர்க்கையின்போதே பதிந்துவிடலாம். காப்புத்தொகையை அரசு ஏற்கட்டும். கிளை நூலகத்திலிருந்து ஐம்பது புத்தகம் ஒரு பெட்டியில் மாதாமாதம் பள்ளிக்குப் போய் மாறி வரட்டும். கோடை விடுமுறையில் பள்ளியின் புத்தகங்கள் கிளை நூலகத்தில் தங்கட்டும். இதற்கெல்லாம் புதுக் கட்டடம் வேண்டாம். ஒரே அமைச்சரின்கீழ் இருக்கும் இரண்டு இயக்ககங்கள் ஒரு நாள் உட்கார்ந்து பேசினால் போதும்.

பணத்தைப் பற்றி இங்கே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கல்வி 1976-லிருந்து பொதுப் பட்டியலில் இருக்கிறது. அரசு நடத்தும் நூலகமோ அரசியல் சட்டத்தின் மாநிலப் பட்டியலில் இருக்கிறது. இந்த வித்தியாசம் ஏட்டளவில் நிற்பதில்லை. ஒன்றிய அரசின் பி.எம்.ஸ்ரீ பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்திடவில்லை என்பதை ஒட்டி 2024-25-இல் சமக்ர சிக்ஷாவின் ஒன்றியப் பங்கு வராமல் நின்றது நமக்குத் தெரியும். அந்தத் தகராறில் யார் பக்கம் நியாயம் என்பதை நீங்கள் உங்கள் அரசியலுக்கேற்ப முடிவு செய்துகொள்ளுங்கள். நூலகத்தைப் பொறுத்தவரை பாடம் ஒன்றுதான். டெல்லியிலிருந்து வரும் மானியத்தை நம்பியிருக்கும் பள்ளி நூலகம் தடுமாறலாம். நம் வீட்டு வரியில் நடக்கும் பொது நூலகத்தை டெல்லியிலிருந்து யாரும் நிறுத்த முடியாது. அதனால் பள்ளி நூலகத்தையும் இந்த நிழலுக்குள் கொண்டுவருவதுதான் புத்திசாலித்தனம்.

கணினி வந்தது, பட்டியல் வரவில்லை

தொழில்நுட்பம் என்றதும் டேப், தொடுதிரை, மின்னூல் என்று கற்பனை பறக்கிறது. சென்னை கோட்டூர்புரத்தில் 2010-இல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்தையும், மதுரையில் 2023-இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தையும் பார்த்தவர்கள் அப்படி நினைப்பதில் வியப்பில்லை. நான் கேட்பது அதைவிட எளிமையானது. கி. ராஜநாராயணனின் ‘கோபல்ல கிராமம்’ இந்த மாவட்டத்தில் எந்தக் கிளை நூலகத்தில் இருக்கிறது என்று வீட்டிலிருந்தே தெரிந்துகொள்ள வேண்டும். அவ்வளவுதான்.

அது ஏன் கடினம் என்று பாருங்கள். ஒரு நூலகர் ‘கி. ராஜநாராயணன்’ என்று தட்டச்சு செய்கிறார். இன்னொருவர் புள்ளிக்குப் பின் இடம் விடாமல் ‘கி.ராஜநாராயணன்’. மூன்றாமவர் ‘இராஜநாராயணன், கி.’ நான்காமவர் ‘கி.ரா.’ ஐந்தாமவர் கணினியில் தமிழ் எழுத்துரு இல்லாததால் ஆங்கிலத்தில் அடித்துவிடுகிறார். கணினிக்கு இவர்கள் ஐந்து எழுத்தாளர்கள். இதோடு, ஒருங்குறி பரவுவதற்கு முந்தைய எழுத்துருக்களில் உள்ளிட்ட பழைய பதிவுகளை இன்றைய கணினியில் திறந்தால் கிறுக்கலாகத் தெரியும். தமிழ்நாடு அரசு 2010-இல் ஒருங்குறியை ஏற்று ஆணையிட்ட பின் அந்தக் குழப்பம் குறைந்திருக்கிறது. பெயர்க் குழப்பம் அப்படியே இருக்கிறது.

இதற்குத் தீர்வு, எழுத்தாளர் பெயர்களுக்கு மாநிலம் முழுவதற்கும் ஒரே தரப்பட்டியல். எப்படி எழுதித் தேடினாலும் ஒரே ஆளிடம் கொண்டுபோய் விடும் பட்டியல். அதை ஒரு தடவை ஒரு இடத்தில் நூலகர்களும் தமிழறிந்தவர்களும் உட்கார்ந்து செய்தால் 4,600 நூலகங்களுக்கும் உதவும். ஒவ்வொரு நூலகமும் தனித்தனியே செய்தால் ஒருநாளும் முடியாது. மாநில அளவில் செய்ய வேண்டியது எது, ஊர் அளவில் விட வேண்டியது எது என்று பிரித்துப் பார்க்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை.

மென்பொருளுக்கும் பெரிய பணம் வேண்டாம். நியூசிலாந்தில் ஹோரோவெனுவா என்ற சிறிய வட்டாரத்தின் நூலகத்துக்காக எழுதி 2000-இல் புழக்கத்துக்கு வந்த ‘கோஹா’ இன்று உலகமெங்கும் ஓடுகிறது. இலவசம், திறந்த மூலம், தமிழையும் தாங்கும். பணம் வேண்டியது வேறு இடத்தில். சர்வரை நடத்த, பதிவுகளை உள்ளிட, நூலகருக்குப் பயிற்சி தர, இணையக் கட்டணம் மாதாமாதம் கட்ட. ஊர்ப்புற நூலகத்துக்குக் கணினி கொடுத்துவிட்டு இணையக் கட்டணத்துக்கு நிதி ஒதுக்காவிட்டால், நூலகர் தன் கைபேசி ஹாட்ஸ்பாட்டில் வேலை பார்ப்பார். அவரோ சிறப்புக் காலமுறை ஊதியத்தில், முழு ஊதியம் எப்போது வரும் என்று காத்திருப்பவர். மக்கள் வரியில் நடக்கும் நூலகம் அவருடைய டேட்டா பேக்கில் ஓடுவது நியாயமா?

தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் அரிய பழைய நூல்களை யாரும் இலவசமாகப் பார்க்கலாம். ஆனால் கிளை நூலகத்தில் உட்கார்ந்திருக்கும் வாசகருக்கு அதை எடுத்துக் காட்டும் ஏற்பாடு எத்தனை இடத்தில் இருக்கிறது? கருவியும் இருக்கிறது, சரக்கும் இருக்கிறது. நடுவில் கை பிடித்து அழைத்துப்போக நூலகர் வேண்டும். தொழில்நுட்பத்துக்கு ஒதுக்கும் ஒவ்வொரு ரூபாயிலும் கணிசமான பங்கு மனிதருக்குப் போகவில்லை என்றால் மீதிப் பங்கு மூலையில் உறைபோட்டுத் தூங்கும்.

எந்தப் புத்தகம், யார் சொல்வது

நூலக ஆணை என்ற சொல் பதிப்பகத்தாருக்குத் தீபாவளி மாதிரி. அரசு ஒரு தலைப்பில் நூற்றுக்கணக்கான படிகள் வாங்கினால் சிறு பதிப்பாளர் ஓராண்டு பிழைப்பார். அது தேவைதான். ஆனால் ஒரே மூட்டை எல்லா ஊருக்கும் போகும்போது, தூத்துக்குடி மீனவக் குப்பத்துக்கும் கூடலூர்த் தேயிலைத் தோட்டத்துக்கும் ஒரே புத்தகம் போகிறது. இப்போது இணையவழியில் விண்ணப்பம் பெற்று வெளிப்படையாக நூல் கொள்முதல் செய்யும் கொள்கை வந்திருப்பது வரவேற்க வேண்டியது. அதோடு ஒன்று சேர வேண்டும்: கொள்முதல் நிதியில் ஒரு பங்கை அந்தந்த நூலகத்தின் வாசகர் வட்டம் கேட்கும் புத்தகத்துக்கு ஒதுக்க வேண்டும்.

‘எல்லாம் கைபேசியில் இருக்கிறதே, நூலகத்துக்கு யார் வருகிறார்கள்?’ என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. காலை எட்டு மணிக்கு இந்தக் கட்டடத்தின் வாசலில் நின்று பாருங்கள். டிஎன்பிஎஸ்சி எழுதும் பிள்ளைகள் தண்ணீர் பாட்டிலும் சோற்று டப்பாவுமாக வரிசையில் நிற்பார்கள். ஒற்றை அறை வீட்டில் படிக்க மேசை இல்லாதவர்கள் அவர்கள். கைபேசி அவர்களிடமும் இருக்கிறது. அமைதியான ஒரு மேசை இங்கேதான் இருக்கிறது.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். 2011-இல் ஆட்சி மாறியதும் அண்ணா நூற்றாண்டு நூலகத்தைக் குழந்தைகள் மருத்துவமனையாக மாற்றப்போவதாக அறிவித்தார்கள். வாசகர்களும் எழுத்தாளர்களும் எதிர்த்தார்கள், உயர் நீதிமன்றம் தடுத்தது, நூலகம் பிழைத்தது. அது சென்னையின் நடுவில் எல்லோர் கண்ணிலும் படும் நூலகம். கடைக்கோடியில் ஒரு பகுதிநேர நூலகம் சத்தமில்லாமல் மூடினால் எந்த நீதிமன்றத்துக்கும் செய்தி போகாது. அதற்குக் காவல், பொதுவில் வைத்த கணக்கு ஒன்றுதான்.

ஆகவே வாசகர் வட்டம் சார்பில் நான்கு கோரிக்கைகளை எழுத்தில் கொடுக்கலாம் என்று முன்மொழிகிறேன். ஒன்று, இந்த மாவட்டத்தில் ஒவ்வொரு உள்ளாட்சியும் வசூலித்த நூலக வரி எவ்வளவு, ஆணைக்குழுவுக்குச் செலுத்தியது எவ்வளவு என்ற விவரத்தை ஆண்டுதோறும் எல்லா நூலக அறிவிப்புப் பலகையிலும் ஒட்ட வேண்டும். இரண்டு, அரசின் பங்கு பின்தங்கிய மாவட்டத்துக்குக் கூடுதலாகப் போகும்படி விதி மாற வேண்டும். மூன்று, பள்ளிப் புத்தகம் தொலைந்தால் ஆசிரியரிடம் பிடித்தம் செய்யாத ஆணையும், பள்ளிக்கும் கிளை நூலகத்துக்கும் பொதுவான உறுப்பினர் அட்டையும் வேண்டும். நான்கு, மாநிலம் முழுவதற்கும் ஒரே நூல் பட்டியல், அதை நடத்த ஆண்டு நிதி.

முதல் கோரிக்கைக்குச் சட்டத் திருத்தம் வேண்டாம், அமைச்சரவை முடிவு வேண்டாம். பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் வில்லை ஒட்டிக் கேட்கலாம். மனுவை நான் எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன். கூட்டம் முடிந்ததும் வாசலில் வைத்திருப்பேன். வீட்டு வரி கட்டுகிறவர்கள் எல்லோரும் கையெழுத்திடலாம். வாடகைக்கு இருப்பவர்களும் சேர்ந்தே.